சாமைக்குள் வைத்த லேப்டாப்

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றியதும் ரிப்பேர் கடை நூர் பாஷா சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஏம்மா, என்னா இது, கேவுரா?"

"சாமைங்க பாய்," என்றாள் கலைச்செல்வி. சொல்வதற்குள் அவளுக்கு மானமே போயிற்று.

அவள் ஊரான வத்தல்மலையில் மழைக்காலம் வந்தால் மேகம் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தீப்பெட்டி, விதை, பட்டாசு, எது நமத்தாலும் சாமைக் குதிருக்குள் புதைத்து வைப்பார்கள். ஈரத்தைச் சாமை இழுத்துக்கொள்ளும். லேப்டாப் நமத்துப்போய் ஆன் ஆகாமல் கிடந்தபோது அம்மா முனியாயி அதையும் பத்திரமாக உள்ளே இறக்கினாள். ரெண்டு மூன்று நாள் கழித்து எடுத்து உதறினால், உயிர் வந்துவிட்டது! அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அரிசியாக இருந்தால் காற்றுப் போகும் ஓட்டைக்குள் நுழைந்திருக்காது. சாமை பொடிசு. நுழைந்து, ஃபேனுக்குள் குடித்தனமே நடத்தியிருக்கிறது.

அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் அதற்கு விடவேயில்லை. ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்தும் போகும்.

பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. அதை நம்பித்தான், வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைப் பதிவு செய்யும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நாளைக் காலையில் கேமரா முன்னால் ஒரு மணி நேரத் தேர்வு. போன வாரம் பாதியில் அணைந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டாவது வாய்ப்பு. இனிமேல் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இதுவும் போனால் திங்கட்கிழமை ஓசூர் கம்பெனி வண்டியில் ஏற வேண்டியதுதான். அங்கே ஹாஸ்டலில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். மகள் காவேரிக்கு மூன்று வயது. அவளுடைய அப்பன் பெங்களூரில் வேறொருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறான், அந்தப் பேச்சு எதற்கு?

நூர் பாஷா பழைய லேப்டாப் ஒன்றிலிருந்து ஃபேனைக் கழற்றிப் போட்டார். சூடு இறங்குவதற்காகத் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதுசு தடவினார். விசையை அமுக்கியதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. கலைச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இரும்மா, ரொம்ப சந்தோசப்படாத. ஃபேன் சுத்தாமயே இத்தினி நாளு ஓட்டிட்ட. உள்ள போர்டு வெந்து கெடக்குது. எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது."

"நாளைக்கு ஒரு மணி நேரம் தாங்குனா போதுங்க பாய்."

அவர் அடிமூடியைத் திருகி மாட்டினார். அடியில் காற்றுப் போக ரெண்டு செங்கல் மேல் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

"என்னாவாம் அதுக்கு?" என்று வீட்டில் முனியாயி கேட்டாள்.

"தூசும்மா," என்றாள் கலைச்செல்வி. வேறு என்ன சொல்வது?

மறுநாள் காவேரியைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. செங்கல் மேல் லேப்டாப். கேமராவில் வேறு ஆள் தெரிந்தால் தேர்வு செல்லாது என்பதால், லேப்டாப் திரைக்குப் பின்னால் தரையோடு தரையாகக் குந்திக்கொண்டு முனியாயி முறத்தால் விசிறினாள். கை வலித்தால் மாற்றிக்கொண்டாள். இருமல் வந்தபோது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. போகப் போக, தட்டிய எழுத்துகள் யோசித்து யோசித்து வந்தன. கலைச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். இன்னும் நாலைந்து பில்தான் பாக்கி. ஃபேன் கத்தியது. 'தாங்கு, சாமி, தாங்கு' என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

திரை கறுத்தது.

விசையை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். அது அசையவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த முனியாயிக்கு எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, மெதுவாகக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"சூடே இல்ல கண்ணு," என்று சந்தோஷமாகக் கிசுகிசுத்தாள். "நல்லா ஆறிப்போச்சு."

கலைச்செல்வி வாய்விட்டு அழுதுவிட்டாள். அம்மாவைத் திட்டவாவது முடிந்தால் தேவலை என்றிருந்தது. அதுகூட முடியவில்லை.

முனியாயி பதறி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடி முந்தானையால் துடைத்தாள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? நம்ம வூட்டுச் சாமைக்குள்ளாற வெச்சா, போன தடவ மாதிரியே எந்திரிச்சுக்கும்." குதிரின் மூடியைத் திறந்து அதை உள்ளே இறக்கினாள்.

கலைச்செல்வி தடுக்கவில்லை. கொடியிலிருந்த துணிகளோடு ஒரு பையையும் எடுத்துவந்து உட்கார்ந்து, தன்னுடையதைத் தனியாகவும் காவேரியுடையதைத் தனியாகவும் மடிக்க ஆரம்பித்தாள்.