மூன்று வாளி பிளீச்சிங்

நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கக் கரையில் இருக்கிற உல்லாச ஹோட்டலில் கக்கூஸ் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் தொட்டிக்கு நான்தான் ஆள். காற்று மோட்டாரைப் போடுவேன், மிதக்கிற குப்பையை அள்ளுவேன். பதினோரு வருடமாகிறது.

லீவு நாட்களில் ஹோட்டல் நிறைந்தால் தொட்டி தாங்காது, நாறும். அதைத் திருத்துவதா மூடுவதா என்று பார்த்துச் சொல்ல ஹட்டனிலிருந்து பிரேமினி என்ற இஞ்சினியர் பிள்ளை வருவதாக மேனேஜர் சொன்னார். தொட்டி தேறாது என்று அந்தப் பிள்ளை எழுதிவிட்டால், மேல் சரிவில் பெரிய குழிகள் வெட்டி அழுக்குத் தண்ணீரை மண்ணுக்குள் ஊறவிடுவார்களாம். அந்தச் சரிவுக்கு நேர் கீழேதான் எங்கள் லயத்து வீடுகளின் பீலி, ஊற்றுத் தண்ணீர் விழுகிற குழாய். இருபத்திரண்டு குடும்பம் அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் பிடித்துக் குடிக்கிறது.

வந்து பார்க்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்களுக்கு மூக்குதான் கண். தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரை வருகிறார் என்றால் முதல்நாளே சாக்கடைக் கானை வழித்து பிளீச்சிங் பவுடர் தூவுவோம். நாற்றமில்லை என்றால் எல்லாம் சரி. அதையே இங்கேயும் செய்தேன். முதல்நாள் மாலை மூன்று வாளி பவுடர் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன்.

காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். என் பெண்சாதி அழகம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பாக்கவா போறீங்க?"

"பீலிய காப்பாத்தப் போறேன். வாய மூடு."

மேனேஜரோடு வந்த பிரேமினி உயரமான கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு மதிலில் வைத்தாள்.

"அரைமணி நேரம் நிக்கட்டும் ஐயா. மண் நிறமா அடியில படிஞ்சு மேல தெளிஞ்சா தொட்டிக்கு உயிர் இருக்கு. பெரிய மோட்டாரும் இன்னொரு தொட்டியும் போட்டா போதும்."

"தொட்டிக்கு ஏது மிஸ் உயிரு?"

"உள்ள அழுக்கத் தின்னுற கிருமி இருக்குங்க. வேல செய்றது அதுதான். நீங்களும் நானும் சும்மா."

கிருமியைக் கொல்லத்தான் பிளீச்சிங். அது எனக்குத் தெரியாதா? குவளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரைமணியும் ஆனது. ஒன்றும் படியவில்லை. குவளை முழுக்கச் சாம்பல் கலங்கல். மேனேஜர் சிங்களத்தில், குழியே வெட்டிவிடலாம் என்றார். அவள் பேனாவை எடுத்தாள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பீலி போகும்.

"எழுதாதீங்க மிஸ். அதுவா சாகல. நான்தான் பிளீச்சிங் ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"மூணு வாளி."

"வாளியா?" அவள் மேனேஜரைப் பார்த்தாள், பிறகு என்னை. "வேற தொட்டியிலருந்து ஒரு பவுசர் வண்டி நெறய உயிருள்ள சேறு கொண்டாந்து ஊத்தணும். மூணு கிழமையில திரும்ப வந்து பாப்பேன். அதுவரைக்கும் முடிவு எழுத மாட்டேன்."

"அத எழுதிக் குடுங்க. தமிழ்ல."

எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்த பிறகுதான் மடித்தேன். அவள் போனதும் மேனேஜர் சொன்னார், தண்ணீர் தெளியாவிட்டால் நீயும் வர வேண்டாம் என்று.

பவுசர் வந்து போய்விட்டது. தினமும் காலையில் ஜாம் போத்தலில் தொட்டித் தண்ணீரை மொண்டு மதிலில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குப் பதினெட்டாம் நாள், அந்தப் பிள்ளை திரும்பி வர இன்னும் மூன்று நாள். வீட்டுக்குப் போகும் வழியில் பீலியடியில் அழகம்மா குடத்தோடு நின்றாள்.

"இன்னிக்கு எப்பிடிங்க?"

"அடியில ஒரு விரல் படிஞ்சிருக்கு."

"மேல?"

"இன்னும் கலங்கல்தான்."

பீலிக்குக் கீழே குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.