தண்ணீர்த் தொட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவே

நெடுஞ்சாலையை விட்டுச் செம்மண் பாதையில் திரும்பியதும் நோலீன் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளாலும் தாளம் போட்டாள். அறுபத்து மூன்று வயதில் ஒரு பெண்ணுக்குத் தலைகால் புரியாமல் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில், கட்டிலும் அடுப்புமாக ஒரு வீடே உள்ளே இருக்கும் ஏழு மீட்டர் நீளக் கேரவனை ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு அவள் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. பக்கத்து இருக்கையில் அவள் கணவன் லயல், பல் பிடுங்கப் போகிறவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

லயலுக்குக் குளிர்காலத்தில் இரண்டு தடவை மயக்கம் வந்தது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லயல் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு, கேரவன் வாழ்க்கை முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னான். தன்னால் ஓட்ட முடியாததை இந்த உலகத்தில் வேறு யாரும் ஓட்ட முடியாது என்பது அவன் கட்சி. அவன் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். நோலீனின் தம்பி பெவன் தன் ஆட்டுப் பண்ணையில் சமையல்காரருக்குத் தங்க ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கே கொடுத்துவிடலாம் என்றும் லயல் சொன்னான்.

பெவன் தொலைபேசியில் ரொம்ப வருத்தப்பட்டான். "ஐயோ பாவம் மாமா. நீங்க ஊர் ஊரா சுத்தினதெல்லாம் இதோட முடிஞ்சுதா. சரி, அந்தக் கேரவன்ல அடுப்பு நல்லா எரியுதா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் நோலீனுக்கு அழுகை நிஜமாகவே வந்தது. கேரவனுக்குள் கட்டிலுக்கு மேலே நாட்டின் வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தாள். போன இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். கிழக்குப் பாதி முழுக்கச் சிவப்பு, மேற்குப் பாதி வெறும் காகிதம். அந்தப் பாதியைப் பார்க்காமல் சாக அவளுக்கு மனசில்லை.

அதனால் ஒரு பந்தயம் கட்டினாள். பெவனின் பண்ணைவரை அவளே ஓட்டுவாள். அங்கே ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்தான் எப்போதும் கேரவனை நிறுத்துவார்கள், குறுகலான இடம். அதில் ஒரே தடவையில் பின்னோக்கி ஏற்றிவிட்டால் கேரவன் அவர்களுடையது, எங்காவது இடித்தால் பெவனுடையது. லயல் உடனே சம்மதித்தான். அவள் மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும், அவன் பௌலிங் கிளப்புக்குப் போன நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கால்பந்து மைதானத்தில் பின்னால் ஓட்டிப் பழகியது அவனுக்குத் தெரியாது. பின்வண்டி இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கணவனையும் அவள் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் விருந்தாளி கேரவனைப் பின்னால் ஏற்றுவதைப் பார்ப்பது தேர் பார்க்கப் போவது மாதிரி. பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் பெவன் அறிவித்துவிட்டான். நாலு மணிக்கு அறுபது கிலோமீட்டர் தூரத்திலிருந்துகூட ஆட்கள் மடக்கு நாற்காலியும் பீர் பெட்டியுமாக வரப்போகிறார்கள். ஆனால் நோலீனுக்கு இருந்த உற்சாகத்தில் இரண்டு மணிக்கே பண்ணை எல்லையை எட்டிவிட்டாள்.

எல்லையிலிருந்து வீட்டுக்கு இருபது கிலோமீட்டர், வழியில் ஆறு கேட்டுகள். ஓட்டுகிறவர் இறங்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கித் திறந்து மூட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். இத்தனை வருஷமும் அந்த வேலை நோலீனுடையது. முதல் கேட்டின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன பாத்துட்டிருக்க?" என்றான் லயல்.

"ஒண்ணுமில்ல. கேட்டு தானா திறக்குமான்னு பாக்கறேன்."

லயல் இறங்கினான். சங்கிலி எந்தப் பக்கம் கழலும் என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இரண்டாவது கேட்டைத் தள்ள வேண்டிய பக்கம் இழுத்தான். ஐந்தாவது, வெறும் கம்பியும் குச்சியுமாகச் சுருட்டிக் கட்டியது. அதை அவிழ்த்தபோது அது பாம்பைப் போலத் துள்ளி அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. நோலீன் சிரித்த சிரிப்பில் கை பட்டு ஹாரன் அடித்தது. மரத்திலிருந்த வெள்ளைக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறந்தன.

"எவன்டா கட்டினது இத? கம்பியே கோணல்" என்றபடி லயல் வியர்வையோடு ஏறினான்.

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் நோலீன்.

அங்கிருந்து பாதை ஒரு காய்ந்த ஓடையை ஒட்டிப் போனது. போன வருஷ வெள்ளம் ஓரத்து வேலியில் ஒரு பன்னிரண்டு மீட்டரை அடித்துக்கொண்டு போயிருந்தது. பெவன் இன்னும் அதைச் சரிசெய்யவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டே நோலீன் கடந்து போனாள். கொஞ்ச தூரத்தில் ஆறாவது கேட்டு அகலத் திறந்து கிடந்தது. வண்டி அதைத் தாண்டியதும் லயல் நிறுத்தச் சொல்லி, கேட்காமலே இறங்கி, அதை மூடி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு ஜம்மென்று வந்து உட்கார்ந்தான். நோலீன் அப்போது பாடிக்கொண்டிருந்தாள். பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடி விட வேண்டும், மூடியிருப்பதை மூட வேண்டும். அந்த நாட்டில் பண்ணைக் குழந்தைகள் பெயர் சொல்லக் கற்பதற்கு முன்னால் இதைக் கற்கின்றன. ஆனால் ஆயுள் முழுக்க ஸ்டீயரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்த லயலுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

நூறு மீட்டர்கூடப் போயிருக்கமாட்டார்கள், வண்டியில் இருந்த ரேடியோ அலறியது. பெவன் மோட்டார் சைக்கிளில் இருந்து பேசினான்.

"ஹெதர், எந்தப் புண்ணியவான் கடைசி கேட்ட மூடினது? எண்ணூறு ஆட்ட ஓட்டிட்டு வரேன். முன்னாடி போன ஆடு கேட்ட முட்டிட்டுத் திரும்பி ஓடைப் பக்கம் போகப் பாக்குது, நாய் கொஞ்ச நேரந்தான் தடுத்து நிறுத்தும். அந்த ஓட்டை வழியா பெரிய காட்டுக்குள்ள போச்சுன்னா தேட நாலு நாளாகும். விடிஞ்சா கத்தரிக்க ஆள் வந்துருவாங்க."

வீட்டிலிருந்து அவன் மனைவி ஹெதரின் குரல் வந்தது. "நான் இல்லப்பா. நான் கிரீம் அடிச்சுட்டிருக்கேன்."

நோலீன் லயலைப் பார்த்தாள். லயல் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"நீயா?"

"மூடினா நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"ஓடு. போய் திற."

லயல் ஓடினான். அறுபத்தேழு வயதில் அவன் அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. வண்டியைத் திருப்ப இடமில்லை, இரண்டு பக்கமும் பள்ளம். பின்னால் போவது ஒன்றுதான் வழி. கேட்டைத் தாண்டி, அதற்குப் பிறகு ஓடைவரை போய், பாதையை விட்டு இறக்கி, வேலியை ஒட்டிக் கேரவனைக் கதவைப் போலச் சாத்த வேண்டும். நோலீன் ரிவர்ஸ் போட்டாள்.

லயல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் காற்றாடியாகச் சுற்றினான். "லெஃப்ட்டு, லெஃப்ட்டு. அய்யோ, உன் லெஃப்ட்டு இல்ல, என் லெஃப்ட்டு. கொஞ்சம் ரைட்டு. நிறுத்து, வா, நிறுத்து."

நோலீன் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினாள். வண்டிக்குள் அமைதியானது. பக்கக் கண்ணாடி இரண்டையும் மட்டும் பார்த்தாள், கால்பந்து மைதானத்துச் செவ்வாய்க்கிழமையைப் போலவே. கேட்டுக் கம்பத்துக்கும் கேரவனுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அது போதும். ஓடை வந்தது. வலப்பக்கம் ஒடித்து, கேரவன் இடப்பக்கம் இறங்கியதும் நேராக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பின்பக்கம் ஒரு கம்பத்தை ஒட்டி நின்றது. முன்னால் ஜீப்பின் மூக்கு அடுத்த கம்பத்தை ஒட்டியது. பன்னிரண்டு மீட்டர் ஓட்டை அடைபட்டது.

அடுத்த நிமிஷம் ஆடுகள் வந்து மோதின. புழுதியும் கம்பளி வாடையும் கத்தலுமாகக் கேரவனே ஆடியது, உள்ளே கோப்பைகள் உருண்டன. மூன்று ஆடுகள் மட்டும் கேரவனுக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து அந்தப் பக்கம் போய், போய்விட்டோமே என்று திகைத்து நின்றன. மற்றவை முட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய், பெவனின் நாய் பெப்பர் குரைத்த பக்கமாகத் திரும்பின. திறந்த கேட்டைக் கண்டதும், முதலிலிருந்தே அந்த வழியாகத்தான் வருவதாக இருந்ததைப் போல வரிசையாக உள்ளே போயின. லயல் கேட்டைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றான். பத்து நிமிஷம் அதை அவன் மூடவே இல்லை, கேட்டைச் சொல்லவில்லை, வாயைச் சொல்கிறேன்.

பெவன் புழுதிக்குள்ளிருந்து வந்தான். "அக்கா, நீ எப்படி இங்க வந்து நின்ன?"

"ரிவர்ஸ்லயே வந்தேன்" என்றாள் நோலீன். அவள் மனசு பறந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்குத் தொட்டிக்கு எதிரே பத்து நாற்காலிகள் போட்டாகிவிட்டது. ஹெதர் முட்டை வெள்ளையில் செய்த கேக்கின் மேல் கிரீமும் பழமும் குவித்து எடுத்துவந்தாள். ஓடைக் கதையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. சரிவில் வண்டி தானாக உருண்டு போயிருக்கும் என்று ஒரு பக்கத்துப் பண்ணைக்காரர் அபிப்பிராயப்பட்டார்.

"அதெல்லாம் தெரியாதுக்கா. பந்தயம் இங்கதான்" என்றான் பெவன். "உள்ளே அலமாரி எத்தனை இருக்குன்னு ஹெதர் எண்ணியாச்சு."

"சும்மா எட்டிப் பாத்தேன் அண்ணி" என்றாள் ஹெதர்.

வழக்கப்படி லயல் பின்னால் போய் நின்றான். ஊரே பார்க்கிறது. நாற்காலிக்காரர்கள் முன்னால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி அவனை அவமானப்படுத்த நோலீனுக்கு மனம் வரவில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள்.

"லெஃப்ட்டு" என்றான் லயல். அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள், நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. "லெஃப்ட்டுங்கறேன், இன்னும் லெஃப்ட்டு." அவன் பேச்சைக் கேட்டு இடப்பக்கம் விட்டாள்.

டமார் என்று ஒரு சத்தம். தொட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது. பெப்பர் குதித்துக் குதித்துக் குடித்தது. நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள், ஒருவர் கேக்கைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினார். நோலீன் இறங்கி, நசுங்கிய மூலையைப் பார்த்தாள். காலையிலிருந்து பறந்துகொண்டிருந்த மனசு கல்லைக் கட்டியதைப் போல விழுந்தது. அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது, எல்லோரும் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

பெவன் குழாயை அடைத்துவிட்டு நனைந்து சொட்டச் சொட்ட வந்தான். "இடிச்சாச்சு. வருத்தம்தான்க்கா, பந்தயம் பந்தயம்தான். மாமா, சாவியக் குடுங்க."

 லயல் தொப்பியைக் கழற்றினான், அதிலிருந்து தண்ணீரைக் கொட்டினான், திரும்பவும் போட்டுக்கொண்டான்.

"இடிச்சது நான்" என்றான்.

"நீங்க வண்டியிலயே இல்லயே மாமா."

"அதான் சொல்றேன். அவ நேரா வந்தா. நான்தான் லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு கத்தித் தொட்டில விட்டேன். ஓடைகிட்ட அவ ஜன்னல் கண்ணாடிய ஏத்திட்டு என் பேச்சக் கேக்காம வந்தா. முன்னூறு மீட்டர், மாப்ள, ஒரு கேட்டுக்குள்ள புகுந்து, ஒரே இழுப்புல. என்னால அப்படி முடியாது. நான் நல்லா ஓட்டின காலத்துலயும் முடிஞ்சிருக்காது." அவன் பெவனின் பக்கம் திரும்பினான். "கேட்ட மூடினதும் நான்தான். அதையும் எழுதிக்க."

 அந்த வட்டாரத்தில் ஒரு ஆண் தன் மனைவி தன்னைவிட நன்றாகக் கேரவனைப் பின்னால் ஏற்றுவாள் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. பெவன் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அலமாரிகளை எண்ணிய மனைவியையும் பார்த்தான்.

"அப்ப கேரவன்?"

"அவகிட்ட கேளு. ஓட்டறது அவ" என்றான் லயல். பிறகு நோலீனின் பக்கம் திரும்பி, "மேற்க போறப்ப என்னையும் ஏத்திக்குவியா?" என்று கேட்டான்.

 நோலீன் சேற்றில் நின்றபடி இரண்டு கைகளாலும் அவன் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷனை இத்தனை பிடித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏத்திக்கறேன்" என்றாள். "ஆனா பின்னாடி போய் நிக்கக் கூடாது."