முன்வரிசைக்குப் பிந்தி வந்த மீனம்மா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கிளிநொச்சியில் இருந்து அக்கராயன் போகிற பஸ்ஸில், பக்கத்துச் சீற்றில் இருந்த பிள்ளை கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "சேர், இது நான் செய்த அப். மாணவர் சேர்ந்து நாடகம் பார்க்கப் போறதுக்கு" என்றது. நான் நித்திரை கொள்ளலாம் என்று இருந்தவன். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பிள்ளை இறங்கிப் போன பிறகும் நித்திரை வரவில்லை. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "வன்னியின் மஞ்சள் வெயில் வயல்களின் மீது..." வேண்டாம். இந்த வெயிலை நாலைந்து கதைகளில் ஏற்கெனவே காயவிட்டிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "யதுர்ஷிகா என்ற மாணவி 'முன்வரிசை' என்றொரு செயலியை வடிவமைத்தாள்." பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், களைத்தவனுக்கு அது வசதி.

எங்கே நாடகம், எந்தக் கதிரை, திரும்ப எந்த பஸ் என்று முன்வரிசை சொல்லும். திறந்ததும் அது கேட்பது, "ஆரோடை போறாய்?" எங்கள் தாய்மார் முதலில் கேட்பதும் அதுதான். இன்னொன்றையும் அவள் சேர்த்தாள். அழைப்பிதழில் ஐந்து மணி என்று இருந்தால் இங்கே எந்த நாடகமும் ஐந்துக்குத் தொடங்காது. பிரதம விருந்தினர் வரவேண்டும், மாலை போடவேண்டும், விளக்கேற்றவேண்டும், ஆளுக்கொரு உரை ஆற்றவேண்டும். அதனால் அச்சிட்ட நேரத்தோடு அரை மணித்தியாலத்தைச் செயலி தானாகவே கூட்டிக்கொள்ளும்.

(இந்த ஊரை நன்றாக அறிந்த ஒருத்தியால்தான் இப்படியொரு பிழை விடமுடியும்.)

3

யதுர்ஷிகாவின் வகுப்புத் தோழி பிரேமிளா. அவள் நடிக்கும் நாடகத்தில் முதற்காட்சியில் மட்டும் வருகிறாள். காணாமல் போன மாட்டைத் தேடும் பெண். அவளுடைய தாய் மீனம்மா ஸ்கந்தபுரத்தில் வயல் வேலைக்குப் போகிறவர். மகள் மேடையேறுவது அவருக்குப் பிடிக்காது.

"ஒருக்கா வந்து பாக்குறேன். சரின்னு பட்டா நடி. இல்லன்னா இதோட விட்டுரணும்."

[மீனம்மாவின் பெற்றோர் மலையகத்தில் இருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சு அவருடைய வீட்டில் இன்னும் இருக்கிறது. முதலில் என் பேச்சை அவருடைய வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டார்.]

பிரேமிளா ஒன்றை மட்டும் தாயிடம் சொல்லவில்லை. அந்த வேடத்துக்கு அவள் எடுத்தது தாயின் நடை. இடுப்பில் ஒரு கை, மற்றக் கையில் வீச்சு, யாரோ கூப்பிட்டது போல இடைக்கிடை ஒரு நிற்பு. ஒத்திகையில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். காட்சி முடியும்போது அழுதார்கள்.

"நான் அம்மாவைப் பகிடி பண்ணேல்லை எண்டு பாத்தா அவாவுக்கு விளங்கும்" என்று யதுர்ஷிகாவிடம் சொன்னாள்.

4

மீனம்மாவையும் மாணவர்களையும் ஒன்றாகக் கூட்டிவருவதுதான் முன்வரிசையின் முதல் வேலை. அன்றைக்குப் பார்த்துப் பிரதம விருந்தினருக்குக் காய்ச்சல். மாலையும் இல்லை, உரையும் இல்லை. நாடகம் சொன்ன நேரத்துக்கே தொடங்கிவிட்டது.

[இந்தக் காய்ச்சலை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு காரணம் தேட உடம்பில் தெம்பில்லை.]

முன்வரிசை சொன்ன நேரத்துக்கு அவர்கள் உள்ளே வந்தபோது முதற்காட்சி முடிந்து, சபை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த காட்சிக்கு மேடையை ஒழுங்குபடுத்த மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். மாணவர்கள் கூச்சப்பட்டுக் கதவடியில் நின்றுவிட்டார்கள். மீனம்மா மட்டும் தனக்கென்று சொன்ன கதிரையை நோக்கி நடுவழியால் நடந்தார். இடுப்பில் ஒரு கை. மற்றக் கையில் வீச்சு. நடுவில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தார்.

ஒரு மூலையில் சிரிப்புக் கேட்டது. பிறகு சபை முழுக்கச் சிரித்தது, கையும் தட்டியது. மீனம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தார்.

5

நாடகம் முடிந்ததும் யதுர்ஷிகா பின்கதவடிக்கு ஓடினாள்.

"பிழை என்ரை. அவா உன்ரை காட்சியைக் காணேல்லையடி."

"தெரியும். திரைக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"கோவமோ?"

"இல்லை. களைப்பா இருக்கு."

அப்போது மீனம்மா வந்தார். 'ஒன்னயக் காணலையே புள்ள' என்று அவர் கேட்பார் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நான் நடந்து வரயில எல்லாரும் ஏன் புள்ள சிரிச்சாங்க?"

6

முடிவு ஒன்று: "பிந்தி வர்றவங்களப் பாத்து அப்படித்தாம்மா சிரிப்பாங்க." மீனம்மா நம்பிவிடுகிறார். இப்படிச் சிரிக்கிற சனத்துக்கு முன்னால் மகளை இனி ஏற விடமாட்டார்.

முடிவு இரண்டு: "ஒங்க நடையத்தாம்மா நான் நடிச்சேன்." உண்மைதான். ஆனால் அழுத சபையை மீனம்மா காணவில்லை. அவருடைய காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்.

முடிவு மூன்று: கதிரை அடுக்குகிறவர்களை மறித்து, வெறும் மண்டபத்தில் பிரேமிளா தாய்க்கு முன்னால் அந்த நடையை... நிறுத்திவிட்டேன். எழுத எழுத அழகாக வந்தது. அவ்வளவு அழகாக முடிகிற எதையும் இந்த ஊர்ப் பக்கத்தில் நான் கண்டதில்லை.

இதற்கு மேல் எனக்கு ஏலாது. பிரேமிளாவின் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். தாய் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கெதியாகச் சொல்லுங்கள். மீனம்மா ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்கிறவர் இல்லை.