றேணுகா கடைசியாகச் சொன்னது

தர்ஷன் பல் துலக்கினான். முகம் கழுவினான். பல்கனிக் கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்தான். கேத்தலில் தண்ணீர் பிடித்து சுவிச்சைத் தட்டினான்.

"தம்பி, செத்தவீட்டில அடுப்பு எரியக்கூடாது," என்றார் மாமி.

"இது கரண்ட், மாமி."

மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கும் ஒரு வாய் ஊத்துங்கோ."

முந்தாநாள் விடியுமுன், நித்திரையிலேயே, அவன் மனைவி றேணுகா போய்விட்டாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். அவளை அஞ்சலிக்காக மலர்ச்சாலை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வெள்ளவத்தைச் சனம் முழுக்க வந்தது போலிருந்தது. எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்.

"பிள்ளை கடைசியா என்ன சொன்னவ?"

செத்தவீட்டில் கேட்கிறதுதான். சொன்னால் அது வாய்க்கு வாய் போகும். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில், கல்வெட்டிலும் அச்சேறும்.

"நித்திரையில போயிட்டா," என்று மட்டும் சொன்னான்.

மஷூர் கூட்டம் குறையும்வரை காத்திருந்து வந்தான். கம்பஸில் றேணுகாவோடு ஒரே ஆராய்ச்சி செய்தவன். மெசோன் என்ற அணுத்துகளுக்குள் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும். சில மெசோன்களுக்குள் மட்டும் நாலு இருக்கும். அந்த நாலும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றனவா, இல்லை இரண்டு சோடிகளாக, விலகி நின்றும் பிரியாமல் இருக்கின்றனவா? மார்க்கெட்டில் முருங்கைக்காய் முறுக்கிப் பார்த்தபடி றேணுகா தர்ஷனுக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

"ரெண்டு மாதிரியையும் கம்ப்யூட்டர்ல ஓட விட்டிருந்தாங்க," என்றான் மஷூர். "காலைல முடிவு சொல்றேண்டாங்க. ஒங்கக்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"ஒரு வார்த்த?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"நாலும் ஒரே கட்டிண்டுதான் நான் அவங்களோட சண்ட புடிச்சேன். தோத்தாலும் பரவாயில்ல. அவங்க வாயால கேட்டிருக்கலாம்."

பெட்டி மூடும் நேரம் வந்தது. மாமி தர்ஷனின் கையைப் பிடித்தார். தாயும் மகளும் கதைத்து இரண்டு மாதம். எதற்குக் கோபித்தார்கள் என்று இருவருமே அவனுக்குச் சொன்னதில்லை.

"ஒளிக்காமச் சொல்லுங்கோ தம்பி. என்னைத் தேடினவளோ?"

அந்தப் பிடி வலித்தது.

"ஓம் மாமி. 'அம்மா' எண்டு கூப்பிட்டவ."

மாமியின் விரல்கள் தளர்ந்தன. "அதைக் கல்வெட்டில போட வேணும்," என்றாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சித்தி. மஷூர் பக்கத்தில்தான் நின்றான். தர்ஷனைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

கனத்தை மயானத்துக்குப் போகும் வழியெல்லாம் மாமி அதையே சொல்லிச் சொல்லி அழுதார். தர்ஷன் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினான்.

றேணுகாவின் கடைசி இரவு ஒரே புழுக்கம். அவன் நெருங்கிப் படுத்தபோது, றேணுகா கண் திறக்காமலே சொன்னாள்:

"கொஞ்சம் அங்கால தள்ளிப் படுங்கோப்பா. வேர்க்குது."