எறும்புகள் தூக்கிய கட்டில்

பிஸ்கட் ஆலைப் பொட்டலக்காரியை எறும்புகள் கட்டிலோடு மருத்துவமனைக்குத் தூக்கிப்போன அன்று வெயில் வழக்கம்போலத்தான் அடித்தது. பேருந்துகள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டன.

அதற்கு முன் அவளுக்கு மூன்று பிள்ளைகள் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போயிருந்தன. ஒவ்வொரு முறையும் எறும்பு வந்தது. கழிப்பறையில் மொய்த்தது, பாவாடை ஓரத்தில் ஏறியது. பிஸ்கட் அடுக்கும் பெண்களுக்குத் தலைமுடியில்கூடச் சர்க்கரைத்தூள் இருக்கும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் மட்டும் எடுத்திருப்போமா, கண்ணுகளா? அவள் துணியை இன்னொரு முறை அலசினாள். பஞ்சர் ஒட்டும் புருஷன் எறும்புப்பொடி தூவினான். தீராத தாகத்துக்கு வெயில்மேல் பழிபோட்டார்கள்.

நாற்பதை நெருங்கும்போது நாலாவது தங்கியது. இதுவும் போனால் இனி இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆலையை விட்டு நின்றாள். இனிப்பைக் கையால்கூடத் தொடவில்லை. பக்கத்து கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்படியும் எறும்பு வந்தது, தெருவிலுள்ள எறும்பெல்லாம் வந்தது.

"இப்படி மொய்க்குதே, நீ என்ன சர்க்கரை மூட்டையா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள்.

"ஆலையை விட்டுத்தான் மாசக்கணக்கா ஆச்சே. அப்போ இது எங்கேருந்து வருது?" என்று கேட்டபடி அவள் இன்னொரு செம்பு தண்ணீர் குடித்தாள்.

அதற்குள் எட்டாம் மாதம் பிறந்துவிட்டது.

ஒரு மத்தியானம் பிள்ளை அசையவில்லை. பச்சைத்தண்ணீர் குடித்தாள், ஒருக்களித்தாள், வயிற்றை அழுத்திக் கெஞ்சினாள். நாத்தனார் அண்ணனைக் கூப்பிட ஓடினாள். அப்போதுதான் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் எறும்புகள் இறங்கி, கட்டிலுக்கடியில் புகுந்து தூக்கின. வாசல்வரை கொண்டுபோய் நின்றுவிட்டன. அங்கே புருஷன் தூவிய எறும்புப்பொடி வெள்ளைக்கோடாகக் கிடந்தது. கட்டில் அந்தரத்தில் நடுங்கியது. ஓடிவந்தவன் மண்டியிட்டுக் கையாலும் சட்டையாலும் கோட்டைத் துடைத்தான்.

"போங்கம்மா, போங்க. எப்படியாவது கொண்டு சேர்த்துடுங்க."

மருத்துவமனையில் யாரும் எறும்பைப் பற்றிக் கேட்கவில்லை, ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. முன்னே மூன்று தடவையும் யாருமே இதைப் பார்க்கவில்லையா என்று டாக்டரம்மா கேட்டபோது, புருஷன் பொடி அப்பிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை கனமாக, நீலம் பாரித்து, நெடுநேரம் சத்தமில்லாமல் கிடந்தது. பிறகு அழுதது.

இப்போதெல்லாம் அந்தத் தெருவில் மாசமான பெண் இருக்கும் வீட்டுக்கு எறும்பு வந்தால் யாரும் பொடி தூவுவதில்லை. ரத்தம் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். அதற்கும் நேரமில்லையென்றால், கட்டிலை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, தெருவில் நிற்கும் சைக்கிள்களை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.