பி.ஏ.வுக்குப் போட்ட நாற்காலி

தேவசகாயம் சென்னையில் பி.ஏ. தேறி ஆம்பூருக்குத் திரும்பி ஒரு வருஷம் கழிந்துவிட்டது. கலெக்டர் கச்சேரியில் ஆட்குறைப்பு என்றார்கள். ரயில்வேயில் சிபாரிசு உண்டா என்று கேட்டார்கள். மிஷன் பள்ளித் தலைமையாசிரியரோ, இருக்கிற உபாத்தியாயர்களுக்கே சம்பளம் குறைந்துவிட்டதென்று மிகுந்த வருத்தத்துடன் கைகூப்பினார். எல்லோரும் அவனிடம் மரியாதையாகவே பேசினார்கள். அந்த மரியாதையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவன் தாய் அன்னம்மாள், இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல்ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். தகப்பனார் காலமான பின் அவனைப் படிக்க வைத்தது அவளுடைய உலக்கைதான். பட்டைத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டபடியால், இப்போதெல்லாம் சற்று இடித்தாலும் நின்று இரும வேண்டியிருந்தது. தனக்கு உத்தியோகம் கிடைக்கிற அன்றே அவளை வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை என்றே சொல்லலாம்.

சாயபுவின் குமாஸ்தா வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற சேதியை அன்னம்மாளே கொண்டுவந்தாள்.

“போய்க் கேளேன்டா.”

“தோல்ஷாப்பிலா அம்மா?”

“ஏன், தோலு உன்னைக் கடிச்சிடுமா? உசுரு போன தோலுதான் அது.”

மறுநாள் காலை தேவசகாயம் கோட்டைத் தூசி தட்டி அணிந்துகொண்டு சென்றான். முன்கூடத்தில் ஜமக்காளம் விரித்து, சாயபு திண்டில் சாய்ந்திருந்தார். தரகர்கள் எதிரே சம்மணமிட்டிருந்தார்கள். ஜமக்காளத்தின் ஓரத்தில் சம்பத் என்ற இளைஞன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கோட்டைக் கண்டதும் சாயபு குரல் கொடுத்தார். “அரே, குர்சி கொண்டாங்கப்பா!”

பட்டணத்துத் துரைமார் வந்தால் போடுகிற நாற்காலி வந்தது. தேவசகாயம் வணக்கம் கூறி அதில் அமர்ந்தான். வேலை கேட்டு வருகிறவன் ஜமக்காளத்தின் ஓரத்தில் தானாகவே உட்கார்ந்துவிட வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தவன் விருந்தாளி என்பது தோல்ஷாப்புகளின் வழக்கம். கல்லூரியில் இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

“யார் வூட்டுப் பிள்ளை நீங்க?”

சிபாரிசாக இருக்கட்டுமென்று அவன் பணிவுடன் சொன்னான். “இங்கே பட்டை இடிக்கிற அன்னம்மாளின் மகன். பி.ஏ. தேறியிருக்கிறேன்.”

“நம்ம அன்னம்மா பிள்ளையா! மாஷா அல்லா!” சாயபு நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் வரவழைத்தார்.

தேவசகாயம் குமாஸ்தா வேலையைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். “தமாஷ் பண்றீங்களா? நாளைக்குத் தாசில்தாரா வரப்போறவரு நீங்க.”

அப்போதுதான் சம்பத் உட்கார்ந்திருந்த இடம் அவனுக்கு விளங்கியது. சட்டென்று நாற்காலியை விட்டிறங்கி ஜமக்காளத்தில் அமர்ந்தான். சாயபு பதறி எழுந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“தோபா, தோபா! எழுந்திருங்க. பி.ஏ.வைத் தரையில உக்கார வச்சேன்னு நாளைக்கு ஊரே பேசும்.”

“நாற்காலிக்கும் மேலே ஏத்தணும்னா இனி ஏணிதான் சாயபு,” என்றார் ஒரு தரகர். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஐயா, எந்த வேலையானாலும்...”

“கேளுங்க தம்பி. அந்த சம்பத்தைத்தான் வேலைக்கு வச்சுக்கப்போறேன், மூணாம் பாரம் ஃபெயிலு. கணக்குத் தப்புனா திட்டுவேன், வாங்கிக்குவான். உங்களை நான் எப்படித் திட்டுவேன்? எனக்கில்ல பேஜாரு!”

வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்.

அன்று உச்சிவேளையிலேயே அன்னம்மாள் வீடு திரும்பினாள். முந்தானையில் பட்டைத் தூள் அப்படியே இருந்தது.

“சாயபு என்னை நிறுத்திட்டாரு.”

“ஏன்? என்ன தப்பு செய்தாய்?”

“உன்னைப் பெத்தேன். பி.ஏ. பிள்ளையோட அம்மா என் ஷாப்புல உலக்கை புடிச்சா எனக்குத்தான் கேவலம், வூட்ல ராணி மாதிரி இரும்மான்னுட்டாரு. கும்புட்டு வேற அனுப்புறாரு.”

தேவசகாயம் கோட்டை எடுத்தான். “நான் போய்ப் பேசுகிறேன்.”

“போவாதே. நீ போனா இன்னொரு மரியாதை பண்ணுவாரு.” இருமல் ஓய்ந்ததும் அவளே தொடர்ந்தாள். “வாணியம்பாடில நம்ம பக்கத்து வூட்டு பட்டம்மா வேலை பாக்குற ஷாப்புல ஆளு எடுக்கறாங்களாம். திங்கக்கிழமை அவகூடப் போறேன். எனக்குப் பிள்ளையே இல்லைன்னு சொல்லித்தான் கேக்கப்போறேன். ஷாப்புப் பொம்பளைங்க எதிர்ல அம்மான்னு கூப்புட்டுடாதே.”

அவன் எவ்வளவோ வாதாடிப் பார்த்தான். இரவு உலைக்கு அரிசி எங்கே என்று அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

திங்கட்கிழமை காலை ரயிலடியில் பட்டம்மாளும் வாணியம்பாடிக்கு வேலைக்குப் போகிற வேறு பெண்களும் நின்றிருந்தார்கள். அன்னம்மாள் தன் மூட்டையை மகனிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவர்களோடு போய் நின்றாள். வண்டி வந்தது. படி உயரமாக இருந்தது. அவள் ஏறத் தடுமாறியபோது தேவசகாயம் ஓடிச்சென்று மூட்டையை வாங்கி உள்ளே வைத்தான்.

“பார்த்து ஏறுங்கள்,” என்றான்.

பெட்டியிலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்னம்மாள் தலை குனிந்து கும்பிட்டாள்.

“ரொம்ப உபகாரம், சார்.”