நாகம்மாள் வயலில் பாறை தேடியது

அணுமின் நிலையம் கட்ட இடம் பார்க்கும் குழுவில் நான் தற்காலிக உதவியாளன். பி.எஸ்சி. பௌதிகம் என்பதால் எடுத்தார்கள். குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வைத்துக்கொண்டார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே முகாம் போட்ட புதிதில் ஊரார் அணுவைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

உலைக்கு முக்கியமாக இரண்டு வேண்டும். குளிர்விக்க ஏராளமான தண்ணீர், கனம் தாங்கக் கீழே பாறை. தண்ணீருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. பாறையைத் தேடி மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தில் துளை போட்டோம்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் காலத்திலிருந்து அதைக் குத்தகைக்கு உழுதவள் நாகம்மாள். புருஷன் செத்துப்போய்விட்டான். கழக ஆட்சி குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் கொண்டுவந்ததும் தாசில்தாரிடம் மனு கொடுத்தாள். பஞ்சநதமோ, "அவ கூலியாள், நிலம் என் சொந்தச் சாகுபடி" என்று சொல்லிவிட்டார். மனு தள்ளுபடியானால் வரும் நடவுக்கு அவள் அந்த வயலில் இறங்க முடியாது.

"அணுக்காரத் தம்பி, நீங்க வந்து எங்க ரெண்டு பேரையும் துரத்திட்டா தகராறே இல்லைல்ல?" என்றாள் ஒருநாள், துளைபோடும் இயந்திரத்தைப் பார்த்தபடி. எனக்குப் பாடத்தில் வராத கேள்வி.

பஞ்சநதம் தஞ்சாவூர் போய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். வக்கீல் யோசனை ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. மிராசுதார் நிலம் என்றால் அரசாங்கம் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளும்; குத்தகைதாரர் இருக்கிற நிலத்தில் கைவைத்தால் செங்கொடி வந்து வரப்பில் உட்கார்ந்துவிடும், சட்டம் போட்ட ஆட்சிக்கே சங்கடம்.

உலைக்கு நிலம் எடுப்பது பற்றி விசாரிக்கத் தாசில்தார் வந்த அன்று காலை, துளைபோடும் மேஸ்திரி ஹபீப் முகம்மது மண் மாதிரிப் பெட்டிகளைக் காட்டினார். நாகூர்க்காரர்.

"களிமண், மணல், மறுபடி களிமண். இந்த ஊர்ல பாறை இருக்குன்னா அது அம்மிக்கல்லுதான், தம்பி."

பெரிய என்ஜினியரும் பார்த்தார். இடம் ஆகாது, கூடாரத்தைப் பிரியுங்கள் என்றார். விசாரணை தேவையில்லை என்று தாசில்தாரிடம் சொல்ல என்னை சைக்கிளில் அனுப்பினார்.

வரப்போரப் புங்கமரத்தடியில் தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சநதம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பட்டா என் பேர்லதான். ஆனா உழுறது நாகம்மா. மாமனார் காலத்துக் குத்தகை. இந்த ஏழையைக் கிளப்பிட்டு உலை கட்டினா அடுக்குமாங்க?"

"போன மாசம் கூலியாள்னு சொன்னீங்களே."

"கூலியாள் மாதிரி பாடுபடறான்னு சொன்னேன். கேட்டவங்க தப்பா எழுதிட்டாங்க."

தள்ளி நின்ற நாகம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

தாசில்தார் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, ஆபீசர் சேதி ஏதாவது?"

சேதி நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பஞ்சநதம் அடுத்த வாக்கியத்திலேயே அவளைக் கூலியாளாக்கிவிடுவார். நாகம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

"எழுதி முடிங்க சார்," என்றேன். "நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

முகாம் கூப்பிடு தூரம். இருந்தாலும் நான் இரைத்த இரைப்பில் தாசில்தாரே தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"இந்தம்மா மனுவும் என்கிட்டதான் இருக்கு. அதையும் இதோட முடிச்சுடவா?"

"தாராளமா முடிங்க," என்றார் பஞ்சநதம்.

அவர் கையெழுத்துப் போட்டார். நாகம்மாள் கைநாட்டு வைத்தாள். தாசில்தாரும் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். மை காய்ந்ததும் எனக்கு மூச்சு சீரானது. சேதியைச் சொன்னேன்.

பஞ்சநதம் துளை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆழம் போனீங்க?"

"இருக்கிற குழாயெல்லாம் இறக்கியாச்சுங்க. பாறையே இல்லை."

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாக்கலாமே," என்றார். "அவசரப்பட வேணாம். பம்பாயிலேர்ந்து குழாய் வரட்டும். சாப்பாடு நம்ம வீட்டுலேயே வச்சுக்கலாம்."

நாகம்மாள் வரப்பிலிருந்து இறங்கி வயலுக்குள் நடந்து, துளைக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதை மூடிட்டுப் போங்க. எனக்கு நடவு இருக்கு."

மண்வெட்டி அவளிடம்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.